உளுத்த பலகையில் ஒரு கறுப்புக் கோடு

என் மேசையில் இப்போது ஓர் உளுத்த மரத்துண்டு இருக்கிறது. ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம். மழையில் வெகுநாள் கிடந்த கிளையொன்றைப் பிளந்தபோது கிடைத்தது. பிளந்த முகத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. கூரான பேனாவால் கையெடுக்காமல் இழுத்தது மாதிரி. மேலிருந்து வளைந்து இறங்கி, நடுவில் கொஞ்ச தூரம் நேராகப் போய், கடைசியில் தன்னையே சுற்றிக்கொண்டு ஒரு குட்டித் தீவாக மூடிக்கொள்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மரம் வெளுத்துப் பஞ்சு மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் தேன் நிறம், நகத்தால் அழுத்தினால் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது.

இப்படியொரு கோட்டை நான் முதன்முதலில் பார்த்தது பத்து வருஷத்துக்கு முன்னால். ஏதோ எறும்புத் தடம் என்றோ, மரத்தின் பழைய காயம் என்றோ நினைத்தேன். அழகாக இருந்ததால் எடுத்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அப்புறம் மரக்கடைசல் செய்யும் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஒரே மரத்துக்குள் இரண்டு பூஞ்சைகள் இரண்டு பக்கத்திலிருந்து தின்றுகொண்டே வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஒன்று மற்றொன்றை உள்ளே விடாமல் இருக்கச் சுவர் எழுப்பிக்கொள்ளும். சுவரின் கறுப்பு மெலனினால் வருவது, நம் முடிக்கும் தோலுக்கும் நிறம் தருகிற அதே வகை நிறமி. சில சமயம் ஒரே பூஞ்சைகூடத் தன் இடத்தைப் பாதுகாக்க இப்படிக் கட்டுவதுண்டு. நான் கோடு என்று நினைத்தது ஒரு சுவரின் குறுக்குவெட்டு. மரத்துக்குள் அது முழுச் சுவராக, மடிப்பும் வளைவுமாக நின்றிருக்கிறது. நான் கத்தியை வைத்த இடத்தில் அது கோடாகத் தெரிகிறது. ஒரு விரல் தள்ளிப் பிளந்திருந்தால் வேறு கோடு கிடைத்திருக்கும்.

அன்றைக்கு எனக்குள் ஏதோ புரண்டது. அதுவரை ‘கெட்டுப்போனது’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தேன். துரு, பூசணம், சருகு, கறையான் அரித்த அட்டை, வெடித்த சுண்ணாம்புச் சுவர், எல்லாம் காலம் செய்கிற வேலை, காலம் வந்தால் எல்லாம் போகும் என்று. காலம் தனியாக எதையும் செய்வதில்லை. ஒவ்வொரு அழிவுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது. பூஞ்சையின் கை, புழுவின் கை, ஆக்சிஜனின் கை. நான் செய்கிற கலை என்று ஏதாவது இருந்தால், அந்தக் கைகளை அடையாளம் கண்டு, அவை செய்ததன் பக்கத்தில் என் கையையும் வைப்பதுதான்.

மிக்ஸட் மீடியா என்று சொல்கிறார்கள், கலப்பு ஊடகம். ஒரே படத்தில் வண்ணம், துணி, காகிதம், உலோகம், மெழுகு, இலை என்று கைக்கு வந்ததெல்லாம் சேரும். ஆரம்பத்தில் நான் இந்தப் பக்கமே வரவில்லை. பூக்களைத்தான் வரைந்துகொண்டிருந்தேன், ஏழு வருஷம். நன்றாகவே வரைவேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் பூ வாடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் இருக்கும். வாடியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் குவளையில் வைப்பேன். அந்த ஏழு வருஷமும் என் குப்பைக்கூடையில் விழுந்தவைதான் எவ்வளவு நல்ல படங்கள் என்று இப்போது தோன்றுகிறது. வாடிய இதழின் ஓரத்தில் ஓடும் பழுப்பு விளிம்பை எந்தத் தூரிகையாலும் நான் இதுவரை சரியாகக் கொண்டுவந்ததில்லை.

மாற்றம் ஒரு தகர மூடியால் வந்தது. மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த பருத்தித் துணியின் மேல், காற்றில் பறக்காமல் இருக்க ஒரு பெயின்ட் டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்தேன். மழை வந்தது, மறந்துவிட்டேன். நாலு நாள் கழித்து மூடியை எடுத்தால், துணியில் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பில் கருஞ்சிவப்பு, உள்ளே போகப்போக ஆரஞ்சு, நடுவில் மங்கிய மஞ்சள். ஓரிடத்தில் மட்டும் நீர் வழிந்து வட்டத்தை உடைத்து வால் மாதிரி இறங்கியிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “கறை போகாதும்மா, வெட்டித் தரைத்துணியா வச்சுக்கோ” என்றாள். நான் அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். ஒரு பொட்டு வண்ணம்கூடச் சேர்க்கவில்லை. வட்டத்தின் உடைந்த இடத்தில் மட்டும் சிவப்பு நூலால் ஏழு தையல் போட்டேன். என் முதல் படம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

துருவை வரவழைப்பது கடினமே இல்லை. பருத்தித் துணியையோ கெட்டிக் காகிதத்தையோ வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நனைத்து, மேலே ஆணி, போல்ட், வாஷர், சங்கிலித் துண்டு எதையாவது பரப்பி, காற்று முழுக்கப் போய்விடாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால், ஒரே இரவில் தடம் விழ ஆரம்பிக்கும். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் போதும். வினிகரின் அமிலம் அதை வேகப்படுத்துகிறது, உப்பு சேர்த்தால் இன்னும் வேகம். மூடியைத் திறந்து திறந்து பார்க்க ஆசையாக இருக்கும். பார்க்கக் கூடாது. நகர்த்தினால் விளிம்பு குழம்பிவிடும்.

துணியை முன்கூட்டியே கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் அங்கே துரு சிவப்பாக வராது, கருநீலமாக வரும். கடுக்காயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகக் கையெழுத்துப் பிரதிகளை எழுதிய மை இதே சேர்க்கைதான். அங்கே ஓக் மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் வீங்கும் முடிச்சுகளிலிருந்து டானினை எடுத்தார்கள். நினைத்துப் பாருங்கள், ஒரு சிறு குளவி இலையிலோ மொட்டிலோ முட்டையிட, மரம் அதைச் சுற்றிப் புடைத்துக்கொள்ள, அந்தப் புடைப்பை இடித்து மை செய்து மனிதர்கள் சட்டமும் கடிதமும் இசையும் எழுதினார்கள்.

அந்த மைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். துருவில் செய்த என் பெரிய துணிப்படம் ஒன்று, மூன்றாவது வருஷம் மடிப்பில் விட்டுக்கொடுத்தது. தூக்கும்போது காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி சத்தம் கேட்டது, கையோடு கிழிந்து வந்தது. அதுவும் துரு அடர்த்தியாக இருந்த இடத்தில் மட்டும். இரும்பு அயனிகளும் மிச்சமிருந்த அமிலமும் சேர்ந்து செல்லுலோஸ் இழையைத் தின்றிருக்கின்றன. பழைய கையெழுத்துப் பிரதிகளிலும் இதே கதைதான். எழுத்து இருந்த இடம் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டையாகி உதிர்ந்துவிடும். சுற்றியுள்ள வெறும் காகிதம் நன்றாக இருக்கும், எழுதியது மட்டும் போய்விடும்.

இப்போதெல்லாம் துருத்தடம் விழுந்ததும் துணியை நன்றாக அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து அமிலத்தை முறிக்கிறேன். பின்பக்கம் புதிய துணி கொடுத்துத் தாங்க வைக்கிறேன். மடிப்பதே இல்லை, குழலில் சுற்றித்தான் வைப்பேன். இதெல்லாம் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. வாங்குகிறவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிழிந்த அந்தப் படத்தை நான் தூக்கிப் போடவில்லை. கிழிசலின் இரண்டு உதடுகளையும் ஒட்டாமல், நடுவே ஒரு விரலளவு இடைவெளி விட்டு, கறுப்புப் பலகையில் பதித்தேன்.

இலைக்கு வருகிறேன். நான் அதிக நேரம் செலவிடுவது இலையோடுதான். நம் மொழியில் இலையின் வயதுக்கு ஏற்ப ஒவ்வொரு சொல் இருக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. நாம் பெயர் வைத்திருப்பது பச்சைக்கு மட்டும் இல்லை. காய்க்கும் பழத்துக்கும் இன்னும் நுணுக்கம்: நுனி சுருங்கிய காய் சூம்பல், சூட்டில் பழுத்த பிஞ்சு வெம்பல், சுருங்கிய பழம் சிவியல், பூச்சி அரித்தது சொத்தை, குழைந்துபோனது அளியல், குழைந்து நாறவும் தொடங்கினால் அழுகல். தேரை உட்கார்ந்ததால் கெட்டது என்று நம்பித் தேரைக்காய் என்றுகூட ஒரு பெயர். அளியலையும் அழுகலையும் இரண்டாகப் பிரித்த காது, அல்லது மூக்கு, எவ்வளவு அருகில் நின்று கவனித்திருக்கும்! என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இந்தச் சொற்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் இது எந்த நிலையில் இருக்கிறது என்று இந்தச் சொற்களை வைத்துத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். உளுத்தது வேறு, இற்றது வேறு, நைந்தது வேறு, மக்கியது வேறு. உளுத்த மரத்துக்கு வெளியே தோல் இருக்கும், உள்ளே பொடி இருக்கும். நைந்த துணியில் இழை இருக்கும், பிடிப்பு இருக்காது. ஒவ்வொன்றுக்கும் பசை வேறு, தாங்கு வேறு, என் கை வைக்கும் அழுத்தம்கூட வேறு.

போன விடுமுறையில் அண்ணன் மகள் வந்திருந்தாள், ஆறு வயது. என் தட்டில் கிடந்த ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “அத்தை, இது யாரு வரைஞ்சது?” என்றாள். இலையின் மேல் வெள்ளையாக, கொடி மாதிரி நெளிந்து நெளிந்து ஒரு கோடு. நான் உருப்பெருக்கியைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

அது இலைத்துளைப்பான் புழுவின் வீடு. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில், காகிதத்தின் இரண்டு பக்கங்களுக்கு இடையே புகுந்ததுபோல, ஒரு புழு பச்சைச் சதையை மட்டும் தின்றுகொண்டே போகிறது. முட்டையிலிருந்து வந்த இடத்தில் கோடு முடியளவு மெல்லியது. அது தின்னத் தின்ன வளர்கிறது, வளர வளரக் கோடு அகலமாகிறது. இடையிடையே கோட்டின் நடுவே கறுப்பாகப் புள்ளிகள், அது புழுவின் எச்சம். நரம்பைக் கண்டால் சில சமயம் ஒட்டியே போகிறது, சில சமயம் தாண்டுகிறது. கடைசியில் அகலம் உச்சத்துக்கு வந்து சட்டென்று நிற்கிறது. அந்த இடத்தில் சிறு கீறல், புழு வெளியே போன வாசல். ஒரு பிறவியின் முழுக் குழந்தைப் பருவமும் ஒரே கோட்டில் இருக்கிறது. அவள் விரல் நுனியை ஆரம்பத்தில் வைத்து, மெதுவாகக் கோட்டோடு நகர்த்தி, “இங்க சின்னதா இருந்துச்சு, இங்க பெரிசாயிடுச்சு, இங்க போயிடுச்சு” என்றாள். அவள் கேட்ட ‘யாரு’ என்ற கேள்விதான் நான் சொல்லவந்த எல்லாமும்.

அந்த இலையை அப்படியே காகிதத்தில் பதித்தேன். கோட்டின் தொடக்கத்தில் முடியளவு பென்சில் கோடு சேர்த்து, அது முட்டைக்கு முன்னால் எங்கிருந்து வந்திருக்கும் என்பது மாதிரி காகிதத்தின் விளிம்புவரை இழுத்தேன். முடிவில் எதுவும் சேர்க்கவில்லை.

இலைகளின் ஓரத்தில் அரைவட்டமாக, கத்தரியால் வெட்டியதுபோல் துண்டு போயிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது நோய் இல்லை. இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை, கூட்டுக்கு உறையாகக் கொண்டுபோகிறது. நீள்வட்டத் துண்டுகள் அறையின் சுவருக்கு, வட்டத் துண்டுகள் மூடிக்கு. இலையில் மிச்சமிருக்கும் வெட்டின் வடிவத்தைப் பார்த்தே அது அன்றைக்குச் சுவர் கட்டியதா, கதவு அடைத்ததா என்று ஊகிக்கலாம்.

நரம்பு மட்டும் மிஞ்சிய இலை வேண்டுமென்றால், ஒரு வாளித் தண்ணீரும் பொறுமையும் போதும். அரசிலை போன்ற கெட்டியான இலைகளை இரண்டு மூன்று வாரம் ஊறவைத்தால் நுண்ணுயிர்கள் மெல்லிய சதையைக் கரைத்துவிடும். மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் நிறைந்த நரம்பு அவ்வளவு சுலபத்தில் கரையாது. நாற்றம் வரும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும், தண்ணீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். பிறகு மென்மையான தூரிகையால், ஓடுகிற தண்ணீருக்கு அடியில், நடு நரம்பிலிருந்து ஓரம் நோக்கித் தடவினால் சதை சேறு மாதிரி கழன்று போகும். சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிடலாம். நான் அப்படிச் செய்வதில்லை. சோடாவில் வரும் இலைகள் எல்லாம் ஒன்றுபோலவே சுத்தமாக வருகின்றன. வாளியில் ஊறியவற்றில் சில இடங்களில் சதை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு வேண்டியது அந்தப் பிடிவாதம்தான்.

குளவிக்கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காகிதக் குளவி காய்ந்த மரத்தையும் தண்டுகளையும் சுரண்டி, வாயில் மென்று, எச்சிலோடு குழைத்துத் தகடாகப் பரப்புகிறது. கைவிட்ட கூட்டை நனைத்துப் பிரித்தால் சாம்பல், பழுப்பு, வெளிர்மஞ்சள் என்று பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் அது ஒவ்வோர் இடத்தில் சுரண்டி எடுத்து வந்த மரம். கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்துகொண்டிருந்த காலத்தில், 1719இல், ரேயோமூர் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் குளவியைக் காட்டித்தான் மரத்திலிருந்தும் காகிதம் செய்யலாமே என்று எழுதினார். என் படங்களில் மிகப் பழைய காகிதத் தொழிலாளியின் தாளும் ஒட்டியிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

இந்த வழியில் எனக்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் பேருந்துச் சீட்டையும் கம்பியையும் கிழிந்த விளம்பரத்தையும் ஒட்டிப் படம் செய்தார். ஒரு வங்கியின் விளம்பரத்தைக் கிழித்தபோது மிஞ்சிய ‘மெர்ஸ்’ என்ற பாதிச் சொல்லையே 1919இல் தன் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். அல்பெர்ட்டோ புர்ரி இத்தாலிய ராணுவ மருத்துவர். 1943இல் போர்க்கைதியாகி அமெரிக்காவின் டெக்ஸாஸ் முகாமில் இருந்தபோது, கையில் கிடைத்த சணல் சாக்கில் வரைய ஆரம்பித்தார். பிறகு சாக்கின் கிழிசலும் ஒட்டுத்தையலுமே அவருக்குப் படமாயின. 1968 நிலநடுக்கத்தில் சிசிலித் தீவின் ஜிபெலினா ஊர் அழிந்தது. அதன் இடிபாடுகளின் மேலேயே அவர் வெள்ளைக் கான்கிரீட்டை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் பாவி, பழைய தெருக்களை மட்டும் வெடிப்புகளைப் போல நடக்கும்படி விட்டார். 1980களில் நின்றுபோன வேலை, அவர் மறைந்து இருபது வருஷம் கழித்து, 2015இல் முடிந்தது. புதிய பகுதி வெள்ளை, பழைய பகுதி வெயிலிலும் மழையிலும் சாம்பலாகியிருந்தது. படத்தில் பார்க்கும்போது எனக்கு அந்த நிற மாற்றத்தின் மேல்தான் கண் போகிறது. காலம் தொட்ட பகுதி எது என்று எல்லை போட்டுக் காட்டியது மாதிரி.

ஆனால் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறவர் அமெரிக்கக் கலைஞர் ஸோயி லெனர்ட். நெருங்கிய நண்பர் எய்ட்ஸில் இறந்த துக்கத்தில், தின்ற பழங்களின் தோலை எடுத்து ஊசி நூலால் தைக்க ஆரம்பித்தார். ஆரஞ்சு, வாழை, எலுமிச்சை, அவகாடோ. சிலவற்றுக்குப் பித்தான், ஜிப், கம்பி. 1992 முதல் 1997 வரை ஏறத்தாழ 300 தோல்கள். பழத்தைத் திரும்ப ஒன்றுசேர்க்க முடியாது என்று தெரிந்தும் தைப்பது. அவற்றை அழுகாமல் காப்பாற்ற முதலில் அவரே ஒரு பாதுகாப்பு வல்லுநரோடு சேர்ந்து முயன்றார். வழியும் கிடைத்தது. காப்பாற்றப்பட்ட தோல்களைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்று முடிவுசெய்தார். அவை கறுத்து, சுருங்கி, பொடியாகும். அதுவும் படைப்புதான் என்றார். ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகம் இதைத் தெரிந்தே வாங்கிக்கொண்டது. வழி தெரியாமல் விடுவது ஒன்று. வழியைக் கையில் வைத்துக்கொண்டே விடுவது வேறு. அந்தத் துணிச்சல் எனக்கு முழுசாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் ஒரு படம் என் கையைவிட்டு இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. அங்கே அது செய்வதற்கு நான் பொறுப்பு. ஒருமுறை உளுத்த குச்சிகளை வரிசையாக அடுக்கிச் சட்டமிட்ட படத்தை வாங்கிய ஒரு பெண் ஐந்து மாதம் கழித்து அழைத்தார். “அக்கா, கண்ணாடிக்குள்ள மாவு மாதிரி ஏதோ கொட்டுது.” எனக்கு உடனே புரிந்துவிட்டது. குச்சிக்குள் வண்டின் புழு உயிரோடு இருந்திருக்கிறது. படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர் வீட்டு மரச்சாமான்கள் ஒவ்வொன்றையும் விளக்கடித்துச் சோதித்துவிட்டு வந்தேன். வேறு எங்கும் துளை இல்லை. அன்றிரவு தூக்கமே இல்லை.

அதன் பிறகு மரம், விதை, கூடு, பட்டை எது வந்தாலும் முதலில் நன்றாக உலர்த்தி, காற்றுப்புகாத உறையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைக்கிறேன். எடுத்த பிறகும் ஒருநாள் உறையைப் பிரிப்பதில்லை. அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த பொருளின் மேல் ஈரம் கோத்து, பூச்சிக்குப் பதில் பூசணம் வந்துவிடும். பூசணம் பிடித்த பொருளை முகக்கவசம் இல்லாமல் தொடுவதில்லை, உலர்ந்தபடியே துடைப்பதும் இல்லை. அது அழகாக இருக்கிறது என்பதற்காக நுரையீரலுக்குள் விட முடியாது.

எடுக்காமல் விடுகிறவையும் உண்டு. பாறையிலும் பட்டையிலும் படர்ந்திருக்கும் லைக்கனை உயிரோடு உரிப்பதில்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் அந்த உயிரில், பாறையோடு ஒட்டி வளரும் வகைகளில் பல, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று இருந்தால் அது என்னைவிட மூத்ததாக இருக்கலாம். அதன் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காற்றில் ஒடிந்து விழுந்த குச்சியில் இருந்தால் மட்டும் எடுப்பேன். பறவை இறகும் அப்படித்தான். கீழே கிடந்த இறகை வைத்திருப்பதுகூடப் பல பறவைகளுக்குச் சில நாடுகளில் சட்டப்படி குற்றம். தெரிந்துகொள்ளாமல் குனியக் கூடாது.

சரி, மேசையில் இருக்கும் மரத்துண்டுக்குத் திரும்புகிறேன். இதை என்ன செய்வது என்று மூன்று வாரமாக முடிவெடுக்க முடியவில்லை. முழுக்க உலர்த்திவிட்டால் பூஞ்சை நின்றுவிடும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அதனால் தின்ன முடியாது. பிறகு தேன்மெழுகும் டாமர் என்ற மரப்பிசினும் உருக்கிப் பூசினால் நிறம் ஆழமாகி, கோடு பளிச்சென்று எழும். தேன்மெழுகு 62, 64 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும். புகை வரும் அளவுக்குக் காய்ச்சக் கூடாது. மேலே வெப்பக்காற்று காட்டினால் பஞ்சு மாதிரி இருக்கும் வெள்ளைப் பகுதி மெழுகைக் குடித்துக் கெட்டியாகிவிடும். படம் நிற்கும். இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் பல நிற மரத்துண்டுகளைப் பதித்துப் படம் செய்த கலைஞர்கள் இலைக்கும் புல்லுக்கும் பச்சை வேண்டுமென்றபோது, ஒரு வகைப் பூஞ்சை பச்சையாக்கிய மரத்தைத் தேடியெடுத்து இழைத்தார்கள். அந்தப் பச்சை இன்னும் இருக்கிறது. பூஞ்சை போய்விட்டது, அது போட்ட நிறம் நிற்கிறது.

ஆனால் உலர்த்தினால் சண்டை முடிந்துவிடும். கோடு அங்கேயே நின்றுவிடும். சுவர் எழுப்பிய இரண்டு பேரையும் நானே கொன்றுவிட்டு, சுவரை மட்டும் மாட்டுவதா?

கடைசியில் துண்டை இரண்டாக அறுத்தேன். கோடு இரண்டிலும் வருகிற மாதிரி, குறுக்கே. ஒரு பாதி உலர்ந்து, மெழுகு குடித்து, கறுப்புத் துணி பரப்பிய பலகையில் ஏறிவிட்டது. பக்கத்தில் அதே அளவுக்கு ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். மற்ற பாதியை ஈரமான மரத்தூளோடு ஒரு மூடிபோட்ட பெட்டியில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்க அலமாரியில் வைத்தேன். படத்தின் பின்புறம் பொருள்களின் பட்டியலை எழுதும்போது, பருத்தித் துணி, தேன்மெழுகு, டாமர் பிசின், இரும்பு ஆணி என்று போட்டுவிட்டு, அடுத்த வரியில் ‘பூஞ்சை, இரண்டு’ என்று எழுதினேன். என் பெயர் அதற்குக் கீழே.

நேற்றுக் காலை பெட்டியைத் திறந்து பார்த்தேன். அறுத்த முகத்தில், நான் ரம்பம் வைத்த இடத்தில், வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்கிறது. தேன் நிறப் பக்கத்திலிருந்தும் வேறொரு வெள்ளை, கொஞ்சம் மங்கல், எதிரே வந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இன்னும் அரை விரல் இடைவெளி. உருப்பெருக்கியில் பார்த்தால் இடைவெளியில் எதுவும் இல்லை, வெறும் மரம்தான். மூடியைப் போட்டு, மேலே தேதி எழுதிவிட்டு வந்தேன்.